மங்கல ஸ்வரத்தில் ஒரு பிரிவுப் பாட்டு

சோகப் பாட்டு என்றால் முகாரியில்தான் இருக்க வேண்டும் என்பது நம்மில் பலருடைய எண்ணம். பசிபிக் மாகடலில் உள்ள ஹவாய்த் தீவுகளின் புகழ்பெற்ற பிரிவுப் பாட்டைக் கேட்டவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். 'அலோஹா ஓயே' என்பது அதன் பெயர். உனக்கு என் அன்பு என்று பொருள். வருகிறவரை வரவேற்கவும், போகிறவருக்கு விடை கொடுக்கவும் அந்த ஊரில் 'அலோஹா' என்ற ஒரே சொல்தான்.

இப்பாட்டை 1878ம் ஆண்டு வாக்கில் இயற்றியவர் லிலியுவோகலானி. அப்போது அவர் இளவரசி, 1891ல் அரசியானார். மவுனாவிலி என்ற ஊரிலிருந்து குதிரையில் ஹொனலூலு திரும்பும்போது, உடன் வந்த ஒருவரும் அவ்வூர்ப் பெண் ஒருத்தியும் தழுவி விடைபெற்றதைக் கண்டு இதைப் பாடினார் என்று சொல்லப்படுகிறது.

மெட்டு எப்படிப்பட்டது?

ஹவாயின் பழைய பாட்டுகளில் ஓரிரு ஸ்வரங்களே வரும். சுரைக்குடுக்கையைத் தட்டித் தாளம் போட்டு ஆடுவார்கள். 1820ல் அமெரிக்கப் பாதிரிமார்கள் வந்து தேவாலயப் பாட்டுகளைக் கற்றுக் கொடுத்தார்கள். அந்த முறை அத்தீவு மக்களின் குரலில் கலந்தது. 'அலோஹா ஓயே' அந்தக் கலப்பில் பிறந்தது.

மேலை நாட்டார் 'மேஜர்' என்று சொல்லும் ஸ்வர வரிசையில் இது அமைந்திருக்கிறது. ஆர்மோனியத்தில் ஒரு கட்டையில் ஆரம்பித்து வெள்ளைக் கட்டைகளை மட்டும் வரிசையாக அழுத்தினால் வரும் நம் சங்கராபரணத்தின் ஸ்வரங்களே அவை. முத்துசுவாமி தீட்சிதரின் நோட்டு ஸ்வரங்களும் இந்த வகைதான். கமகம் கிடையாது. எந்தக் கட்டையில் பாடுவது என்பது பாடுகிறவர் குரலைப் பொறுத்தது.

கல்யாண வீட்டுக்கும் பொருந்தும் இந்த ஸ்வரங்களில் துக்கம் எங்கிருந்து வந்தது? காலப்பிரமாணத்திலிருந்து வந்தது. நாலு எண்ணிக்கைத் தாளம், நடை விளம்பம். பல்லவியில் ஒவ்வொரு ஸ்வரத்தையும் நீட்டி நிறுத்துகிறார்கள். கப்பல் நகர்ந்த பிறகும் கரையில் நிற்பவர் கையை இறக்காமல் இருப்பது போன்ற நீட்டல் அது. பல்லவி ஆதார ஷட்ஜத்தின் சுரக்கூட்டில் ஆரம்பிப்பதில்லை. மத்திமத்தின் சுரக்கூட்டில் ஆரம்பித்து, கடைசியில் ஷட்ஜத்துக்கு வந்து சேர்கிறது. வீட்டை விட்டுப் புறப்பட்டவர் வீடு திரும்புவது போல என்று சொல்லலாம். இதையே துரித காலத்தில் வாசித்தால் ஓட்டல் கச்சேரிப் பாட்டாகிவிடும். அப்படி வாசிப்பவர்களும் உண்டு.

சிறையில் எழுதிய ஸ்வரம்

1893 ஜனவரி 17ந் தேதி, அமெரிக்க வியாபாரிகளும் தோட்ட முதலாளிகளும் முன்னின்று அரசியைப் பதவியிலிருந்து நீக்கினார்கள். 1895ல் நடந்த கிளர்ச்சிக்கு உடந்தை என்று அவரைக் கைது செய்து, அவருடைய அரண்மனையிலேயே ஓர் அறையில் பல மாதங்கள் அடைத்து வைத்தார்கள். கையில் காகிதமும் பென்சிலும் இருந்தன. அங்கே உட்கார்ந்து அவர் பாட்டுகள் எழுதினார். இந்தப் பழைய பாட்டையும் ஸ்வரப்படுத்தினார். 1898ல் ஹவாய் அமெரிக்காவுடன் சேர்க்கப்பட்டது. இருவர் பிரிந்ததைச் சொன்ன பாட்டு, ஒரு நாடு தன் அரசை இழந்ததைச் சொல்லும் பாட்டாயிற்று. 1917ல் அரசி காலமானபோதும் இதையே பாடினார்கள். ராஜ்யம் பறிபோனதற்கு 1993ல் அமெரிக்கப் பாராளுமன்றம் தீர்மானம் போட்டு மன்னிப்புக் கேட்டது.

அந்தத் தீவுகளின் இசை நம் நாட்டுக்கும் வந்திருக்கிறது. கம்பியின் மேல் இரும்புத் துண்டை இழுத்து வாசிக்கும் ஹவாயன் கிட்டார் அங்கே பிறந்ததுதான். டாவ் மோ என்ற பாலினீசியக் கலைஞர் 1940களில் கல்கத்தாவில் தங்கி வாசித்தார். பின்னாளில் பிரிஜ் பூஷண் காப்ரா அதே கருவியில் இந்துஸ்தானி ராகங்களை வாசித்துக் காட்டினார்.

அரசியின் பாட்டு அழுகையோடு முடிவதில்லை. மறுபடி சந்திக்கும் வரை என்ற கருத்தோடு நிற்கிறது. ஊரை விட்டுப் புறப்படும் நம்மவரும் வாசலில் நின்று 'போகிறேன்' என்று சொல்வதில்லை. 'போய் வருகிறேன்' என்றுதான் சொல்கிறார்கள். துக்கப் பாட்டுக்கு மங்கல ஸ்வரம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு இதைவிட நல்ல விளக்கம் கிடைக்காது.