உஷார்! ஜல்லி லோடு கொட்டும் முன் டேப்பை எடுங்கள்

வீட்டைச் சுற்றி நடைபாதைக்கும் கார் நிறுத்தும் இடத்துக்கும் ஜல்லி பரப்பப் போகிறீர்களா? இடத்தை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, "ரெண்டு யூனிட் போதும் சார்" என்று யாராவது சொன்னால் உடனே சரி என்று சொல்லிவிடாதீர்கள். கண் மதிப்பில் வாங்கினால் பணம் கரையும். குறைந்தால் அரை யூனிட்டுக்காக இன்னொரு வண்டி வாடகை; மிஞ்சினால் வாசலில் மலைபோல் குவியல்.

அங்குலத்தில் ஏமாறாதீர்கள்!
ஒரு யூனிட் என்பது 100 கன அடி. நீளம், அகலம், கனம் மூன்றையும் அடியில் பெருக்கி 100-ஆல் வகுத்தால் யூனிட் கணக்கு வந்துவிடும். பலர் சறுக்குவது கனத்தில்தான். 4 அங்குலம் என்பது 0.4 அடி அல்ல. 12-ஆல் வகுத்தால் 0.33 அடி. 30 அடி நீளம், 10 அடி அகலத்துக்கு 4 அங்குலம் பரப்ப 100 கன அடி, அதாவது சரியாக ஒரு யூனிட் போதும். 0.4 என்று போட்டால் 120 ஆகிவிடும். மண்ணில் அழுந்துவதற்கும் சிதறுவதற்கும் பத்து சதவீதம் சேர்த்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் கேட்டால் காரணம் கேளுங்கள்.

லாரி பாடியை அளக்காமல் விடாதீர்கள்!
கொட்டிய குவியலைச் சரியாக அளப்பது பெரும்பாடு. எனவே பின்கதவைத் திறக்கும் முன்பே பாடியின் உட்புறத்தை அளந்துவிடுங்கள். வெளிப்புற அளவு ஏமாற்றும். உள்ளே 12 அடி நீளம், 7 அடி அகலம், 2 அடி உயரம் என்றால் 168 கன அடிதான். அதை "ரெண்டு யூனிட்" என்று விற்றால் உங்களுக்கு 32 கன அடி நஷ்டம். நடுவில் கூம்பாக நிற்பதைப் பார்த்து மயங்காதீர்கள். மேலே சமப்படுத்தச் சொல்லி, ஜல்லி நிற்கும் உயரத்தை நாலு மூலையிலும் பாருங்கள்.

டன் கணக்கில் விற்கிறார்களா?
ஒரு யூனிட் ஜல்லி ஏறக்குறைய 4 முதல் 4.5 டன் வரும். எடை மேடைச் சீட்டைக் கேட்டு வாங்குங்கள். காலி வண்டி எடையும் லோடு எடையும் இரண்டுமே அதில் இருக்க வேண்டும். ஈரமான லோடு என்றால் தண்ணீருக்கும் நீங்கள்தான் காசு கொடுக்கிறீர்கள்!

எந்த ஜல்லி?
"ஜல்லி" என்று மட்டும் சொல்லி ஆர்டர் கொடுக்காதீர்கள். முக்கால் ஜல்லி 20 மில்லிமீட்டர், அரை ஜல்லி 12 மில்லிமீட்டர். எது வேண்டும் என்பதை யூனிட் கணக்கோடு சேர்த்து எழுதிக் கொடுங்கள்.

ரோட்டில் கொட்டவே கொட்டாதீர்கள்!
சிதறிய ஜல்லியில் பைக் சறுக்கினால் போவது உயிர். இடத்தைக் காலி செய்து வைத்துவிட்டு லோடை வரச் சொல்லுங்கள். வண்டி வந்து நின்றதும் வீட்டில் ஒருவர் டேப்போடு ஏறி அளக்கட்டும். அளவு சரி என்றால் மட்டும் கொட்டச் சொல்லுங்கள். குறைந்தால் அந்தக் கன அடிக்கான காசைக் கழித்துக் கொடுங்கள்.