மலை ஓட்டத்தில் ஒரு கணக்கு

1844இல் நெசவாளர் உள்ளிட்ட 28 பேர் கூட்டுறவுக் கடை திறந்த இங்கிலாந்தின் ராச்டேல் நகரைக் காணச் சென்றிருந்தேன். அருகிலுள்ள பென்னைன் குன்றுகளில், கோடைக்காலப் புதன்கிழமை மாலையொன்றில் நடைபெற்ற மலை ஓட்டப் பந்தயத்திலும் கலந்துகொண்டேன். அந்நாட்டில் கோடையில் இரவு ஒன்பது மணிக்கும் வெளிச்சம் உண்டு.

சேறு நிறைந்த ஏற்றத்தில் கால் பிசகிற்று. நேரே விடுதிக்குத் திரும்ப எண்ணினேன். உடன் ஓடிய முதியவர் தடுத்தார்.

"முடிவிடத்தில் உமது எண்ணைச் சொல்லிவிட்டுச் செல்லும், இல்லையேல் இரவெல்லாம் உம்மைத் தேடி மலையில் அலைவார்கள்."

நொண்டியபடியே சென்று சொன்னேன். என் எண்ணைக் குறித்த பின்னரே அவர்கள் ஏட்டை மூடினர். பிறர் ஏட்டைத் தணிக்கை செய்யும் எனக்கு நாணமாயிருந்தது.

அங்கத்தினர்களே! தவணை செலுத்த இயலாவிடினும் சங்கத்திற்கு வந்து சொல்லுங்கள். சொல்லாமல் ஒதுங்குபவரின் சுமை மற்றவர் அனைவர் தோளிலும் ஏறுகின்றது.