பேகன் நாட்டுப் பறவைகள்

மயில் குளிரால் நடுங்குகிறது எனக் கருதித் தன் போர்வையை அதற்கு ஈந்தவன் வையாவிக் கோப்பெரும் பேகன். கடையெழு வள்ளல்களுள் ஒருவனாகிய அவனது நாடு, இன்றைய பழனி மலையையும் அதனைச் சூழ்ந்த பகுதியையும் உள்ளடக்கியது. அவனது ஈகையைச் சான்றோர் கொடைமடம் என்று போற்றினர். மயிலுக்குப் போர்வை தேவையில்லை. எனினும், அதன் துயரைத் தன் துயராகக் கொண்ட உள்ளம் பெரிது. அவ்வாறாயின், பறவைகளுக்கு உண்மையில் தேவைப்படுவது எது? பொறுமையாகக் கண்டு, எண்ணி, குறித்து வைத்தால்தான் அதனை அறிய இயலும். அப்பயிற்சியை அளிப்பது பறவை நோக்கும் கூட்டுநடை.

கூதிரும் வலசையும்

ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர்காலம். வடகிழக்குப் பருவமழையால் குளங்கள் நிறையும் இப்பொழுதில், வடபுலத்தில் குளிர் மிகுந்து இரை அருகுவதால் பறவைகள் பல தெற்கு நோக்கி வருகின்றன. இவ்வாறு பருவந்தோறும் இடம்பெயர்தல் வலசை எனப்படும். இமயமலைப் பகுதியிலிருந்து சாம்பல் வாலாட்டியும், நடு ஆசியாவிலிருந்து சூறைக்குருவியும் தமிழகம் வந்து சேர்கின்றன. இவ்வியல்பைப் பழந்தமிழரும் அறிந்திருந்தனர். புறநானூற்றின் 67ஆம் பாடலில் பிசிராந்தையார், குமரித் துறையிலிருந்து வடமலைக்குச் செல்லும் அன்னத்தை விளித்துப் பேசுகிறார்.

கூட்டுநடை

பழனி மலையடிவாரத்து வையாபுரிக் குளக்கரை, சண்முக நதிக்கரை போன்ற இடங்களில் ஆசிரியர் துணையுடன் இந்நடையை மேற்கொள்ளலாம். பறவைகள் இரை தேடும் விடியற்பொழுதே ஏற்றது. பத்துப் பேருக்கு மிகாத குழு, மங்கிய நிற உடை, ஓர் இருநோக்கி, ஒரு குறிப்பேடு ஆகியவை போதும்.

தனியே காண்பதைவிடக் கூடிக் காண்பதில் நன்மை மிகுதி. மடையான் அமர்ந்திருக்கையில் மண்ணிறத்தில் மறைந்திருக்கும். பறக்கையில் அதன் வெண்சிறகு விரியும். அமர்ந்ததை ஒருவரும் பறந்ததை மற்றொருவரும் கண்டால், இருவேறு பறவைகள் எனக் குறிக்கக்கூடும். கலந்து பேசுகையில் அப்பிழை நீங்கும்.

நாள், நேரம், இடம், பறவையின் பெயர், எண்ணிக்கை ஆகியவற்றை உடனே எழுதுதல் வேண்டும். ஐயம் இருப்பின் ஐயம் என்றே குறித்தல் நேர்மை. கூட்டை நெருங்குதலும், படம் எடுப்பதற்காகப் பறவையை விரட்டுதலும், பதிவு செய்த குரலை ஒலித்து அதனை அழைத்தலும் தவிர்க்கத்தக்கவை.

எண்ணுவதன் பயன்

2015 முதல் ஆண்டுதோறும் பொங்கல் விடுமுறையில் தமிழகத்தில் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடைபெறுகிறது. ஓரிடத்தில் 15 நிமிடமாவது நோக்கி, கண்ட பறவைகள் அனைத்தையும் பதிந்தால் எவரும் இதில் பங்குபெறலாம். காகமும் மைனாவும் கூட இதில் விடுபடலாகாது. இன்று பரவலாகக் காணப்படும் பறவை நாளை குறைந்தால், அக்குறைவை இன்றைய கணக்கைக் கொண்டுதான் உணர முடியும். எதிர்பார்த்த பறவை வராமையும் ஒரு செய்தியே.

இத்தகைய பதிவுகளின் பயன் பெரிது. ஏறத்தாழ 30,000 பறவை ஆர்வலர்களின் பதிவுகளைக் கொண்டு, இந்தியப் பறவைகளின் நிலை குறித்த அறிக்கை 2023இல் வெளிவந்தது. நீண்டகாலப் போக்கை அறிய முடிந்த 338 இனங்களுள் 60 விழுக்காடு குறைந்துள்ளதாக அது கூறுகிறது. வாத்துகளும் இரைகொல்லிப் பறவைகளும் அருகி வருகின்றன. பேகன் இரங்கிய மயிலோ பெருகியுள்ளது! யாருக்கு உதவி தேவை என்பதை இரக்கம் மட்டும் அறியாது. கணக்கும் வேண்டும் என்பதற்கு இதுவே சான்று.

பறவையியல் அறிஞர் சாலிம் அலி பிறந்த நவம்பர் 12 கூதிர்காலத்தில் அமைகிறது. அந்நாளில் உங்கள் ஊர் நீர்நிலைக்குக் குழுவாகச் சென்று முதற்குறிப்பை எழுதுங்கள். அடுத்த ஆண்டும் அதே நாளில் அங்குச் சென்று ஒப்பிடுங்கள். பேகனின் இரக்கத்தோடு இப்பழக்கமும் சேருமாயின், பறவைகளுக்கு வேண்டியதை வேண்டிய காலத்தில் நம்மால் செய்ய இயலும்.