கட்டுப்பாட்டு வில்லை
(ஸ்டார் வார்ஸ், 1977)

உள்ளங்கைக்குள் அடங்கும் இந்த உலோக வில்லையை உடம்பில் ஒட்டிவிட்டால் ட்ராய்டால், அதாவது ரோபோவால், ஓட முடியாது. டாட்டூயின் கிரகத்துப் பாலைவனத்தில் பிடிபட்ட ஆர்டூ-டீடூ என்ற ட்ராய்டுக்கு இதைப் பொருத்தியவர்கள் ஜாவாக்கள், பழைய இரும்பு வியாபாரிகள். விற்பனைக் காட்சியைக் கவனியுங்கள்: ட்ராய்டுகள் ஜாவாக்களின் வண்டியருகே வரிசையாக நிற்கின்றன. வாங்க வந்த விவசாயி ஓவன் லார்ஸ், என்ன வேலை தெரியும், என்ன மொழி தெரியும் என்று விசாரிக்கிறார். முதலில் தேர்வான சிவப்பு ட்ராய்டு புகைந்து நின்றுபோனதால்தான் ஆர்டூவுக்கு வாய்ப்பு. கதாநாயகன் லூக் வில்லையைக் கழற்றியதும் ஆர்டூ கிளம்பிவிடுகிறது. தப்பியோடிய அடிமையைத் தேடித்தான் கதாநாயகன் போகிறான் என்பது பார்ப்பவர் மனதில் உறைப்பதே இல்லை. ஜார்ஜ் லூகாஸ் அதை அவ்வளவு சிரிக்கச் சிரிக்க எடுத்திருக்கிறார்.

1999இல் வந்த ஸ்டார் வார்ஸ் படத்தில் அடிமைகள் மனிதர்கள். சிறுவன் அனகின், தாய் ஷ்மி இருவர் உடலுக்குள்ளும் ஒரு கருவி இருக்கிறது, தப்பினால் வெடிக்கும். ஒரு பந்தயத்தின் முடிவில் மகனுக்கு மட்டும் விடுதலை கிடைக்கிறது. பின்னாளில் ஷ்மியை விலைக்கு வாங்கி, விடுவித்து, மணந்துகொண்டவர் ஓவனின் தந்தை. ஆர்டூவோடு சேர்த்து ஓவன் வாங்கிய இன்னொரு ட்ராய்டான சீ-த்ரீபிஓ, அடிமைச் சிறுவனாக இருந்தபோது அனகின் தன் கையால் செய்தது.