மண்ணைக் காக்க ஒரு கூட்டுக் கணக்கு



எங்கள் தோட்டப் பள்ளியின் பின்புறம் ஒரு சரிவு உண்டு. ஒரு மழைக்காலத்தில் பிள்ளைகள் அங்கே பாத்தி கட்டிக் கத்தரியும் வெண்டையும் நட்டார்கள். ஒரே இரவு பெய்த மழையில் பாத்தியும் போயிற்று, செடியும் போயிற்று. கீழே உள்ள லயத்தின் வாசலெல்லாம் செம்மண் சேறு. மண்வெட்டியால் சேற்றை அள்ளிக்கொண்டிருந்த ஒரு பாட்டி எங்களைப் பார்த்து, "வாத்தியாரே, உங்க தோட்டம் எங்க வீட்டு வாசலுக்கே வந்திருச்சு" என்றார்.

எல்லாரும் சிரித்தோம். ஆனால் அவர் சொன்னதில் ஒரு பெரிய கேள்வி இருந்தது. மேலே வரப்புக் கட்டினால் மண் நிற்கும். அந்தச் செலவு யாருடையது? நிலம் பள்ளியினுடையது, ஆகவே பள்ளிதான் கட்ட வேண்டும் என்று சொல்லலாம். ஆனால் வரப்பினால் நன்மை அடைபவர்கள் லயத்தாரும்தானே? கடைசியில் பள்ளிப் பணத்தில் பலகையும் முளையும் வாங்கினோம்; பெற்றோர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை உழைப்பைக் கொடுத்தார்கள். வரப்பு நின்றது.

இதே கேள்வியை மிகப் பெரிய அளவில் சந்தித்த நாடு ஒன்று உண்டு. அது அமெரிக்கா. அங்கே அரசாங்கமும் உழவர்களும் மண்ணைக் காக்கும் செலவை எப்படிப் பங்கிட்டுக்கொண்டார்கள், அதில் எது நன்றாக நடந்தது, எது தவறிப்போயிற்று என்பதை இன்று பார்ப்போம்.

அமெரிக்காவின் நடுப்பகுதியில் கான்சாஸ், ஓக்லஹோமா, டெக்சாஸ், கொலராடோ ஆகிய மாநிலங்களில் பரந்த புல்வெளிகள் இருந்தன. அந்தப் புல்லின் வேர்கள்தாம் மண்ணைப் பிடித்துக்கொண்டிருந்தன. முதல் உலகப் போரின்போது கோதுமை விலை ஏறியது. புல்வெளியை உழுது கோதுமை விதைத்தார்கள். பிறகு விலை விழுந்தது. 1930களில் மழையும் பொய்த்தது. பயிரும் இல்லை, புல்லும் இல்லை. வெறும் மண் காற்றுக்கு இரையாயிற்று. 1934ஆம் ஆண்டு மே மாதத்தில் எழுந்த புழுதிப் புயல் ஏறத்தாழ இரண்டாயிரம் மைல் கடந்து தலைநகர் வாஷிங்டனையும் நியூயார்க்கையும் மூடிற்று. கடலில் சென்ற கப்பல்களின் மீதும் மண் விழுந்தது. 1935 ஏப்ரல் 14ஆம் தேதி வீசிய புயலில் பகல் இரவாயிற்று. அந்த நாளைக் கறுப்பு ஞாயிறு என்று இன்றும் சொல்கிறார்கள்.

இந்த ஆபத்தை முன்பே கண்டு எச்சரித்தவர் ஹியூ பென்னெட் என்னும் மண்ணியல் அறிஞர். அவர் வட கரோலினாவில் ஒரு பருத்திப் பண்ணையில் பிறந்து வளர்ந்தவர். 1905ஆம் ஆண்டில் வர்ஜீனியா மாநிலத்தில் அவர் மண்ணை ஆராய்ந்துகொண்டிருந்தபோது, அருகருகே இருந்த இரண்டு நிலங்களைப் பார்த்தார். காடாக இருந்த நிலத்தில் மண் மெத்தென்று, ஈரமாக இருந்தது. பல ஆண்டுகள் உழுத நிலத்தில் மண் இறுகிக் கிடந்தது. ஒரு காலத்தில் இரண்டும் ஒரே மண்தான். மழை ஒவ்வொரு முறையும் ஒரு தாள் கனத்துக்கு மேல்மண்ணை அரித்துக்கொண்டு போயிருக்கிறது, யாரும் கவனிக்கவில்லை. பள்ளம் விழுந்தால் கண்ணுக்குத் தெரியும்; தாள் தாளாகப் போவது தெரியாது. இதைத்தான் பென்னெட் முப்பது ஆண்டுகள் எடுத்துச் சொன்னார். 1935 ஏப்ரல் 27ஆம் தேதி அமெரிக்காவில் மண் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதன் கீழ் அமைந்த மண் பாதுகாப்புத் துறைக்கு அவரே முதல் தலைவரானார்.

சட்டம் வந்துவிட்டால் போதுமா? நிலம் உழவருடையது. "இப்படித்தான் உழ வேண்டும்" என்று அரசு கட்டளையிட்டால் யார் கேட்பார்கள்? கேட்க விரும்பினாலும், அன்றைய உழவரின் கையில் பணம் ஏது? ஆகவே அரசு வேறொரு வழியைத் தேர்ந்தெடுத்தது. "நீயும் போடு, நானும் போடுகிறேன்" என்பதே அந்த வழி.

1933ஆம் ஆண்டிலேயே விஸ்கான்சின் மாநிலத்தில் கூன் வேலி என்னும் பள்ளத்தாக்கில் இதைச் செய்து பார்த்தார்கள். அரசு விதை, உரம், வேலிக் கம்பி ஆகியவற்றைக் கொடுத்தது. வேலையற்றிருந்த இளைஞர்களை அனுப்பி வேலையும் செய்து தந்தது. உழவர் ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார். சரிவில் மேலிருந்து கீழாக உழமாட்டேன், குறுக்கே ஒரே மட்டமாக உழுவேன், செங்குத்தான சரிவில் மாட்டை விடமாட்டேன் என்பன அவர் ஏற்றுக்கொண்ட நிபந்தனைகள். 1936ஆம் ஆண்டுச் சட்டம் இந்த முறையை நாடு முழுவதற்கும் விரித்தது. அதிலிருந்து வளர்ந்த வேளாண் பாதுகாப்புத் திட்டம் அறுபது ஆண்டுகள் நடந்தது. 1996ஆம் ஆண்டில் அதன் இடத்தில் சூழல் தர ஊக்கத் திட்டம் வந்தது.

இத்திட்டம் எப்படி நடக்கிறது என்பதை ஓர் உதாரணத்தால் பார்ப்போம். ஒரு மாட்டுப் பண்ணைக்காரரை எண்ணிக்கொள்ளுங்கள். அவர் நிலத்தில் ஓர் ஓடை ஓடுகிறது. மாடுகள் எல்லாம் தண்ணீருக்காக அங்கேயே கூடி நிற்கின்றன. கரை இடிகிறது, புல் மிதிபட்டு அழிகிறது, சாணமும் சேறும் கீழே உள்ள ஊரின் குடிநீரில் கலக்கின்றன. ஓடையோரம் வேலி போட்டு, குழாய் வழியே தொட்டிக்குத் தண்ணீர் கொண்டுபோனால், நிலத்தையும் நான்கைந்து பகுதிகளாகப் பிரித்து மாறி மாறி மேயவிட்டால், ஓடையும் பிழைக்கும், புல்லும் வளரும்.

இதற்கு 10,000 டாலர் ஆகும் என்று வைத்துக்கொள்வோம். பண்ணைக்காரர் வட்டார அலுவலகத்தில் மனுச் செய்கிறார். அதிகாரி வந்து நிலத்தைப் பார்த்துத் திட்டம் வரைந்து தருகிறார். மனுக்கள் எப்போதும் பணத்தைவிட அதிகம். ஆகவே எந்த வேலையால் மண்ணுக்கும் நீருக்கும் கூடுதல் நன்மை என்று மதிப்பெண் போட்டு வரிசைப்படுத்துகிறார்கள். தேர்ந்தெடுக்கப்பட்டவரோடு ஒப்பந்தம் எழுதுகிறார்கள். மதிப்பிட்ட செலவில் நூற்றுக்கு 75 வரை அரசு தரலாம். அப்படியானால் 7,500 டாலர் அரசுடையது. 2,500 டாலர் பண்ணைக்காரருடையது. வேலை முடிந்து, அதிகாரி வந்து அளந்து பார்த்த பிறகே பணம் கைக்கு வரும். ஒப்பந்தத்துக்கு முன்பே அவசரப்பட்டு வேலையைத் தொடங்கினால் பொதுவாக அந்த வேலைக்குப் பணம் கிடைக்காது.

முழுச் செலவையும் அரசே ஏற்றால் என்ன என்று கேட்கலாம். நம் வீட்டிலேயே பாருங்கள். சும்மா கிடைத்த சைக்கிள் மழையில் நனையும். சேர்த்து வைத்த காசில் வாங்கிய சைக்கிளைப் பிள்ளை தினமும் துடைப்பான். தன் பணமும் அதில் இருந்தால்தான் வேலி சாய்ந்தால் நிமிர்த்த மனம் வரும். அப்படியானால் உழவரே முழுதும் போடட்டுமே என்றால், அதுவும் நியாயமில்லை. ஓடை தெளிந்தால் பயன் கீழே உள்ள ஊருக்கும் உண்டு. பலன் இருவருக்கும் என்றால் செலவும் இருவருக்கும்.

இம்முறை நமக்கு முற்றிலும் புதிதன்று. நம் நாட்டில் 1950களிலிருந்து ரப்பர் சிறுதோட்டக்காரர்களுக்கு மறுநடவு உதவித்தொகை கிடைத்து வந்திருக்கிறது. ஏற்றுமதியான ரப்பரின் மீது வாங்கிய வரியிலிருந்து அந்தப் பணம் வந்தது. அங்கும் அதிகாரி வந்து கன்றுகளைப் பார்த்த பிறகே தவணை தவணையாகத் தொகை கொடுக்கப்பட்டது.

ஆனால் நேயர்களே, அரசு பணம் கொடுக்கிறது என்பதாலேயே எல்லாம் நன்மையாய் முடிவதில்லை. இதற்கு ஒரு கொடியின் கதையே சாட்சி. நம் தோட்டங்களில் இளம் ரப்பர் கன்றுகளின் இடையே தரையை மூடிப் படரும் பியூரேரியா கொடியைப் பார்த்திருப்பீர்கள். அதற்கு நெருங்கிய உறவான குட்சு என்னும் கொடி 1876ஆம் ஆண்டில் ஜப்பானிலிருந்து அமெரிக்காவுக்குப் போயிற்று. 1930களில் மண் பாதுகாப்புத் துறை அதைக் கோடிக்கணக்கில் நாற்றுவிட்டது. தென் மாநிலங்களில் அதை நட்ட உழவருக்கு ஏக்கருக்கு 8 டாலர் வரை கொடுத்தது. சேனிங் கோப் என்பவர் ஜார்ஜியாவில் தம் பண்ணை வீட்டிலிருந்தே வானொலியில் அந்தக் கொடியைப் புகழ்ந்து பேசினார். அதற்கென ஒரு சங்கமும் வைத்தார்.

கொடி மண்ணைப் பிடித்தது உண்மைதான். ஆனால் அத்துடன் நிற்கவில்லை. உழவர்கள் ஊரைவிட்டுப் போன நிலங்களில் மேய்க்க மாடும் இல்லை, வெட்ட ஆளும் இல்லை. அது மரத்தின் மேல் ஏறியது, கம்பத்தின் மேல் ஏறியது, ஆளில்லா வீட்டையும் மூடிற்று. 1953ஆம் ஆண்டில் அரசு அதைத் தன் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டது. நம் தோட்டத்தில் ரப்பர் மரங்கள் வளர்ந்து நிழல் கட்டியதும் கொடி மெலிகிறது. நடுவில் அதை வெட்டி ஒதுக்க ஆள் இருக்கிறார்கள். அந்த ஆட்கள் நாம்தாம். பணம் கொடி நடும். கொடியைக் கவனிக்க மனிதக் கை வேண்டும். வானொலியில் பேசுகிற எங்களைப் போன்றவர்களுக்கும் இக்கதையில் ஒரு பாடம் உண்டு.

இன்னொரு குறை இதைவிடப் பெரியது. நிலம் உள்ளவருக்கே இந்த உதவி. நிலமில்லாமல் அதில் உழைத்தவர் கதி என்ன? 1933ஆம் ஆண்டில், பருத்தி விளைச்சலைக் குறைக்க அரசு பணம் கொடுத்தபோது, காசோலை நிலக்காரர் கைக்குப் போயிற்று. வாரத்துக்குப் பயிரிட்டவருக்கும் பங்கு தர வேண்டும் என்பது ஏற்பாடு. பலர் தரவில்லை. நிலத்தைத் தரிசாகப் போட்டபின் ஆள் எதற்கு என்று வாரக்காரரைக் குடும்பத்தோடு வெளியேற்றியவர்களும் உண்டு. 1934 ஜூலையில் ஆர்கன்சாஸ் மாநிலத்தின் டைரோன்சா என்னும் சிற்றூரில் வெள்ளையரும் கறுப்பருமாகச் சேர்ந்து தென்னகக் குத்தகை உழவர் சங்கத்தை அமைத்தார்கள். நிறவெறி மிகுந்த அந்த நாளில் இருவரும் ஒரே சங்கத்தில் அமர்ந்தது சாதாரணச் செயலன்று.

இன்றைய திட்டத்தில் குத்தகைக்காரரும் மனுச் செய்யலாம். ஒப்பந்தக் காலம் முழுதும் நிலம் தம் வசம் இருக்கும் என்று மட்டும் காட்ட வேண்டும். வேலைக்கு முன்பே போடக் கையில் பணமில்லாதவர் என்ன செய்வார் என்பதையும் எண்ணிப் பார்த்தார்கள். 2018ஆம் ஆண்டுச் சட்டப்படி புதிதாய் உழவுக்கு வந்தவர், வசதி குறைந்தவர், முன்னாள் படைவீரர் ஆகியோருக்கு நூற்றுக்கு 90 வரை கிடைக்கலாம். பாதித் தொகையை முன்பணமாகவும் பெறலாம். இது முன்னேற்றம்தான். ஆயினும் பிறர் நிலத்தில் கூலிக்கு உழைப்பவருக்கு இத்திட்டத்தில் இன்னும் இடமில்லை.

பலனும் இல்லாமல் இல்லை. அமெரிக்காவின் விளைநிலங்களில் ஆண்டுதோறும் அரித்துப்போகும் மண்ணின் அளவு 1982க்கும் 2017க்கும் இடையே மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்திருக்கிறது.

இதிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியவை என்ன? எந்த உதவித் திட்டமானாலும் வேலையைத் தொடங்கும் முன் விசாரியுங்கள். நம் பங்கு எவ்வளவு, பணம் எப்போது வரும், எத்தனை ஆண்டு பராமரிக்க வேண்டும் என்று கேளுங்கள். புரியாத தாளில் கையெழுத்திடாதீர்கள். படித்த பிள்ளையை வாசித்துச் சொல்லச் சொல்லுங்கள்.

பிள்ளைகளுக்கு ஒரு வேலை. இரண்டு பிஸ்கட் தகர மூடிகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் வெறும் மண்ணையும், மற்றதில் புல்லோடு பெயர்த்த மண்ணையும் வையுங்கள். இரண்டையும் சாய்த்துவைத்து, மேலிருந்து ஒரே அளவு தண்ணீரைத் தூவுங்கள். வழிந்து வரும் தண்ணீரைத் தனித்தனிக் கண்ணாடிக் குவளைகளில் பிடித்து ஒப்பிட்டுப் பாருங்கள். பென்னெட் முப்பது ஆண்டுகள் சொன்னது ஐந்து நிமிடத்தில் விளங்கும்.

அந்தக் கலங்கிய தண்ணீரைக் கொட்டுவதற்கு முன் வீட்டுப் பெரியவர்களிடம் காட்டுங்கள். சரிவில் வரப்பு வெட்டியவர்களும் மண் சரியாமல் கொடி நட்டவர்களும் அவர்களேதாம். நிலம் அவர்கள் பெயரில் இல்லை. ஆனால் மண் நிற்பது அவர்கள் கையால்.