இங்கே மௌனம் சம்மதமில்லை

பெங்களூரின் அடுகோடியில் ஓசூர் ரோட்டை ஒட்டி பாஷ் நிறுவனத்தின் வளாகம் இருக்கிறது. 1951-இல் மோட்டார் இண்டஸ்ட்ரீஸ் கம்பெனி என்று தொடங்கியது. பழைய ஆட்களுக்கு இன்றும் அது மைக்கோதான். ஸ்பார்க் பிளக் செய்த இடத்தில் இப்போது மென்பொருள் எழுதுகிறார்கள். அந்தப் பக்கத்துச் சந்தொன்றில், பல வருடங்களுக்கு முன், ஒரு ஜெராக்ஸ் கடையின் கம்ப்யூட்டரில் விண்ணப்பம் நிரப்பிக்கொண்டிருந்தேன். எல்லாக் கட்டமும் முடிந்து, மார்க் ஷீட்டை மட்டும் "இங்கே இழுத்துப் போடவும்" என்ற பெட்டியில் போட வேண்டும். மவுஸ் ஒரு விரற்கடை தள்ளிப்போயிற்று. விண்ணப்பம் மறைந்து திரை முழுக்க மார்க் ஷீட். திரும்பிப் போனால் அத்தனையும் வெறுங்கட்டம்.

"பெட்டிக்குள்ள விழணும் சார்" என்றார் கடைக்காரர். அவருக்கு இது புதிதில்லை போலும்.

கை தவறியது என் பிழைதான். ஆனால் பக்கத்தை எழுதியவர் பெட்டிக்கு மட்டும் பேசக் கற்றுக்கொடுத்து, சுற்றியிருந்த வெற்றிடத்தை ஊமையாக விட்டிருந்தார். இழுத்துப் போடுதலின் சூட்சுமமே அங்குதான் இருக்கிறது.

நாம் ஒன்றை இழுக்கும்போது பிரவுசர் சும்மா இருப்பதில்லை. தூக்கியதும் 'டிராக்ஸ்டார்ட்' என்று பக்கத்துக்குச் சேதி சொல்கிறது. பிறகு சுட்டி எதன் மேல் நிற்கிறதோ அதனிடம் 'டிராக்ஓவர்' என்று கேட்டுக்கொண்டே இருக்கிறது. எச்.டி.எம்.எல் வரையறைப்படி ஏறக்குறைய 350 மில்லிசெகண்டுக்கு ஒரு தரம். உன் மேல் போடலாமா, போடலாமா என்று நச்சரிப்பு. ஊரில் மௌனம் சம்மதம் என்போம். இங்கே நேர் எதிர்: பதில் வராவிட்டால் வேண்டாம் என்றே அர்த்தம். போட அனுமதிக்க நினைப்பவர் 'பிரிவென்ட் டிஃபால்ட்' என்று எழுத வேண்டும். அதாவது, வழக்கமாக நீ செய்வதைச் செய்யாதே. வழக்கமோ மறுப்பது. ஆக, மறுப்பை மறுத்தால்தான் 'டிராப்' என்ற கடைசிச் சேதி வரும். புதிதாக எழுதுகிறவர்கள் டிராப்புக்கு மட்டும் நிரலை எழுதிவிட்டு, ஏன் எதுவும் நடக்கவில்லை என்று அரை நாள் தலையைப் பிய்த்துக்கொள்வது இதனால்தான்.

கோப்பு என்றால் கதை வேறு. பக்கம் வாய் திறக்காவிட்டால் பிரவுசர் தானே அதை எடுத்துத் திறந்துவிடும். இப்போது சில பிரவுசர்கள் புது டேபில் திறக்கின்றன. அன்றைக்கு அந்தக் கருணை இல்லை. பக்கம் முழுவதற்குமாக டிராக்ஓவரைப் பிடித்து 'பிரிவென்ட் டிஃபால்ட்' எழுதி, பெட்டிக்கு வெளியே 'டிராப்எஃபெக்ட்' என்பதை 'நன்', அதாவது எதுவும் வேண்டாம், என்று வைத்திருந்தால் தடைக்குறி தெரிந்திருக்கும், கோப்பும் திறந்திருக்காது. மொத்தம் நாலைந்து வரி.

இத்தனை கோணலான ஏற்பாட்டை யார் யோசித்தார்கள்? மைக்ரோசாஃப்ட். 1999-இல் வந்த இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 5-இல் இருந்ததை, எச்.டி.எம்.எல் 5-ஐத் தொகுத்த இயன் ஹிக்சன் அலசிப் பார்த்து, ஏறக்குறைய அப்படியே வரையறையில் சேர்த்தார். 2009-இல் பீட்டர்-பால் கோக் என்ற டச்சுக்காரர் இதைப் பேரழிவு என்றே திட்டி எழுதினார். எனக்கும் அவர் கட்சிதான். திண்ணையிலிருந்து கூடத்துக்குப் போனவனை வீட்டை விட்டே போய்விட்டான் என்பதுபோல, பெட்டிக்குள் இருக்கும் எழுத்தின் மேல் சுட்டி நகர்ந்தாலே பெட்டிக்கு 'டிராக்லீவ்' என்ற வெளியேறல் சேதி போய்விடுகிறது. பெட்டியின் நிறம் மினுக்மினுக்கென்று மாறுவதைப் பார்த்திருப்பீர்கள்.

ஒன்றை மட்டும் மெச்ச வேண்டும். இழுத்துக்கொண்டு கடக்கும்போது, கையில் இருப்பது கோப்பா எழுத்தா என்ற வகை மட்டுமே பக்கத்துக்குத் தெரியும். உள்ளே என்ன என்பது போட்ட பிறகுதான். வழியில் இருக்கிற பக்கமெல்லாம் உங்கள் சரக்கைப் பிரித்துப் பார்க்க முடியாது.

இழுக்கவே விடக்கூடாது என்றால்? படங்களும் இணைப்புகளும் இயல்பாகவே இழுபடும். 'டிராகபிள்' என்பதற்கு 'ஃபால்ஸ்' என்று கொடுத்தால் நிற்கும். மற்றவற்றை இழுக்க 'ட்ரூ' என்று முழுதாக எழுத வேண்டும்; வெறுமனே 'டிராகபிள்' என்று விட்டால் அசையாது. படத் திருட்டைத் தடுக்கச் சிலர் இந்தப் பூட்டைப் போடுகிறார்கள். ஸ்கிரீன்ஷாட் இருக்கும் உலகத்தில் அது கூரையில்லாத வீட்டுக்குக் கதவு.

கைபேசியில் விரலை இழுத்தால் பக்கம் நகரும். அதனால் அங்கே பலரும் இந்த ஏற்பாட்டை விட்டுவிட்டு, விரலின் அசைவை நேரடியாகவே கணக்கிடுகிறார்கள். கை நடுங்குகிறவர்களுக்கு இழுப்பது எதிலும் சிரமம். 2023 அக்டோபரில் வெளியான டபிள்யூ.சி.ஏ.ஜி 2.2 என்ற அணுகல் நெறிமுறை, இழுத்துச் செய்யும் வேலையை இழுக்காமல் தொட்டோ கிளிக் செய்தோ முடிக்கவும் வழி வேண்டும் என்கிறது. ஜெராக்ஸ் கடைக்காரர் அன்றே அந்தக் கட்சி. நான் விண்ணப்பத்தை மறுபடி நிரப்பியதும் மவுஸை வாங்கி, பெட்டிக்குக் கீழே சின்னதாக இருந்த 'கோப்பைத் தேர்ந்தெடு' பொத்தானை அமுக்கினார்.