குறைமாதப் பிள்ளைக்குத் தாய்ப்பாலே முதல் மருந்து

பத்துத் திங்கள் சுமந்து பெறுதல் இயற்கை வகுத்த முறை. எனினும், சில மகவுகள் அக்காலம் நிறையுமுன்னரே உலகைக் காண வந்துவிடுகின்றன. 37 வாரங்கள் நிறையுமுன் பிறப்பனவற்றையே குறைமாதப் பிள்ளைகள் என்பர் வைத்தியர்.

நாரந்தனைத் தாய் ஒருத்திக்கு இவ்வாறு நேருமாயின், பிள்ளையைப் பண்ணைத் தாம்போதி கடந்து யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையிற் சேர்க்க நேரலாம். பிள்ளை கண்ணாடிப் பெட்டியினுள்ளே, தாய் வெளியே. தான் செய்யத்தக்கது ஒன்றுமில்லை என அவள் மனஞ் சோர்வது இயல்பே. ஆனால், வைத்தியரும் தாதியரும் செய்ய இயலாத ஒன்று அவள் கையில் இருக்கிறது. அதுவே தாய்ப்பால்.

உறிஞ்சல், விழுங்கல், மூச்சுவிடல் ஆகிய மூன்றையும் இசைவாகச் செய்யும் ஆற்றல் ஏறத்தாழ 34 வாரத்திலேதான் கைகூடும். அதுவரை மெல்லிய குழாய் வழியாகப் பால் இரைப்பையைச் சென்றடைகிறது. முதல் நாட்களிற் சுரக்கும் மஞ்சள் நிறச் சீம்பாலில் நோயெதிர்ப்புப் பொருள்கள் செறிந்துள்ளன. அதில் ஒரு துளியையும் வீசலாகாது. குறைமாதத்தில் ஈன்றவளின் பாலில் முதல் வாரங்களிற் புரதமும் மிகுந்திருக்கும். இளங்குடலைத் தாக்கும் கொடிய அழற்சி நோய், மாப்பால் அருந்தும் பிள்ளைகளிலும் பார்க்கத் தாய்ப்பால் அருந்தும் பிள்ளைகளுக்குக் குறைவாகவே வருகிறது.

பிள்ளை பிறந்த சில மணி நேரத்துள்ளேயே, கைகளை நன்கு கழுவி, தூய கிண்ணத்திற் பாலைப் பிழிந்தெடுக்கத் தொடங்கவேண்டும். இரவையுஞ் சேர்த்து நாளொன்றுக்கு எட்டு முறையேனும் எடுத்தல் நன்று. முதல் நாளிற் சில துளிகளே வரும். அதைக் கண்டு, "இவளுக்குப் பாலில்லை" என்று வீட்டார் தீர்ப்புக் கூறிவிடுதல் பெருந்தவறு. இறைத்த கிணறே ஊறும். நன்னீரின் அருமை அறிந்த தீவுப்பகுதி மக்களுக்கு இதனை விளக்கவும் வேண்டுமோ? சரக்கரைத்த மீன்கறியும், சுறாப் புட்டும், முருங்கையிலையும் தாயின் உடலைத் தேற்றும். ஆயினும் பாலைப் பெருக்குவது, அதனை அடிக்கடி எடுத்தலேயாம்.

1500 கிராமிலும் குறைந்த எடையுள்ள பிள்ளைக்குத் தாய்ப்பாலோடு புரதம், கல்சியம் முதலியவற்றைச் சேர்க்க வேண்டி வரலாம். அதனை வைத்தியரே அளவிட்டுக் கொடுப்பர். நாம் வீட்டில் முடிவு செய்யத்தக்கதன்று. தாயின் பால் போதாத இடத்துப் பிற தாய்மாரின் பாலைச் சேமித்து வழங்கும் பால் வங்கி, 1989 இல் மும்பாய் சயன் வைத்தியசாலையில் தொடங்கப்பெற்றது. ஆசியாவில் அதுவே முதலாவது.

தாயின் மார்போடு மார்பாகப் பிள்ளையை அணைத்து வைத்திருக்கும் 'கங்காரு' முறை 1978 இல் கொலம்பியாவின் பொகொற்றா நகரில் தோன்றியது. இதனால் பிள்ளைக்குச் சூடு கிடைக்கும், பாலூட்டலும் எளிதாகும். பிறந்தவுடனேயே இதனைத் தொடங்குமாறு உலக சுகாதார நிறுவனம் 2022 இல் அறிவுறுத்தியது.

ஆதலின் வீட்டார் கடமை யாது? தாயை வைத்தியசாலையில் பிள்ளைக்கு அணித்தாக இருக்கச் செய்தலே. கணவன் வீட்டுப் பொறுப்பை ஏற்கட்டும்; அம்மம்மா சோறும் கறியும் கொடுத்தனுப்பட்டும். அவள் உண்டு, உறங்கி, கவலை குறைந்திருந்தால், அந்தச் சின்னஞ்சிறு உயிருக்கு உரிய மருந்து தடையின்றிக் கிடைக்கும்.